மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் சாவி

"நீ யார்கூடவும் சண்டைக்குப் போகமாட்டே, இல்லம்மா?"

முதலாளி முகுந்தன் இப்படிக் கேட்டபோது ஸ்டெஃபனி அட்டைப்பெட்டிகளின் மேல் மார்க்கர் பேனாவால் ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். ரவாங், ஈப்போ, சிரம்பான். மூன்று வருடமாக அந்த பேக்கிங் மேசையில் அவளுக்கு அதுதான் வேலை. முதலாளி ஒருநாளும் அவளிடம் நின்று பேசியதில்லை. அவள் பேனாவை மூடிவிட்டு, போகமாட்டேன் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலையே நேர்முகத் தேர்வாக வைத்துக்கொண்டார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கிள்ளானில், காப்பார் போகும் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டையில் இருந்தது அந்த பேக்டரி. கதவுக் கீலும் தாழ்ப்பாளும் அடிக்கிற இடம். தகட்டை அழுத்தி வெட்டுகிற நான்கு பிரஸ் மெஷின், முப்பது பேர். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடமானாலும் பாதுகாப்புக்கென்று ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும் என்று அந்த வருடம் சட்டம் வந்திருந்தது. அதற்கான பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று முதலாளியும் மேனேஜர் ரேமண்டும் யோசித்திருக்கிறார்கள். வாய் உள்ளவனை அனுப்பினால் திரும்பி வந்து முதலில் கையுறை கேட்பான், பிறகு பூட்ஸ் கேட்பான். ரேமண்ட் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சொன்னது ஸ்டெஃபனியின் காதிலேயே விழுந்தது.

"அந்த பேக்கிங் பொண்ணு போதும் லா, பாஸ். நல்லா எழுதும். பேசாது."

பேசாது என்பது உண்மைதான். அவள் பள்ளிக்கூடத்தை விட்டதே பேச முடியாமல்தான். மூன்றாம் படிவத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். வகுப்பின் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். அன்றைக்கு வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டாள். மறுநாள் போனால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று அன்றும் போகவில்லை. அப்படியே ஒரு வாரமானது, ஒரு மாதமானது. அம்மா பாக்கியம் அடித்துப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சர்ச் பாதரை வீட்டுக்கே கூட்டிவந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வாயில் வராததெல்லாம் ஸ்டெஃபனிக்குக் கையில் வந்தது. மளிகைக் கடைகளில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அந்த 555 நோட்டுப்புத்தகம், அதை வாங்கி வாங்கி எழுதி, பழைய தையல் மெஷினின் இழுப்பறையில் அடுக்கிவைத்தாள். பக்கத்து வீட்டுச் சண்டை, பஸ்ஸில் பார்த்த முகம், பேக்டரியில் யார் யாரை எப்படிப் பார்த்தார்கள் என்பது வரை எல்லாம் தமிழில் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தது அதற்காவது உதவியது.

கோர்ஸ் மூன்று நாள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில். பாக்கியம் அங்கேதான் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை செய்தாள். மூன்று நாளும் அம்மாவும் மகளும் கிள்ளானில் ஒரே ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தார்கள். மகள் கழுத்தில் பெயரட்டை தொங்கியதைப் பாக்கியம் கடை வாசலில் நின்று எல்லாரிடமும் காட்டினாள். காய்கறி நறுக்குகிறவரைக்கூட விடவில்லை.

சொல்லிக்கொடுத்தவர் சிவேந்திரன் என்பவர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் நாள் ஒவ்வொருவரும் எழுந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றார். ஸ்டெஃபனி கழிவறைக்குப் போய், தன் முறை தாண்டும்வரை குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். எழுத்துத் தேர்வில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். சான்றிதழைக் கையில் கொடுக்கும்போது அவர், "நல்லாத்தான் எழுதுறீர், பிள்ளை. கதைக்கவும் வேணும்" என்றார். அவள் சிரித்து வைத்தாள்.

ஆனாலும் அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக, எல்லாவற்றையும் உற்றுப்பார்த்து எழுதிவைப்பதற்கு ஒருவர் அவளுக்குச் சம்பளம் கொடுத்தார். தரையில் மஞ்சள் கோடு போட வைத்தாள். தீயணைப்புக் கருவிக்கு முன்னால் குவிந்திருந்த பெட்டிகளைத் தானே தூக்கி மாற்றினாள். காதடைப்பு வாங்கச் சொல்லி ரேமண்டுக்கு ஆறு தடவை சீட்டு எழுதி, ஏழாவது சீட்டில் வாங்கிவிட்டாள். அதை முதலில் மாட்டிக்கொண்டவர் மூன்றாம் நம்பர் பிரஸ் ஓட்டுகிற கன்னையா.

கன்னையாவுக்கு நாற்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகள். எதிரே எவர் வந்தாலும் ஒரு பெயர் வைத்துவிடுவார். அவள் கையில் தாள் செருகிய அட்டையோடு வருவது தெரிந்தால், "டேய், போலிஸ் தங்கச்சி வருது, சட்டைய உள்ள விடு" என்று பக்கத்து மெஷினுக்குக் குரல் கொடுப்பார். காதடைப்பை ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் பெண்டாட்டி திட்டும்போது போட்டுக்கொள்ள இன்னொரு ஜோடி கிடைக்குமா என்று கேட்டார். ஸ்டெஃபனி கொடுத்தாள்.

காலை எட்டு மணிக்குப் பாதுகாப்பு பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்பது விதி. அவளால் ஆகவில்லை. முதல் நாள் முப்பது முகத்தைப் பார்த்தவுடன் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்ல வந்ததை வெள்ளைப்பலகையில் தமிழிலும் மலாயிலும் எழுதிவிட்டுத் தள்ளி நின்றாள். யாரோ சிரித்தார்கள். கன்னையா முன்னால் வந்து, ரேடியோ செய்தி வாசிக்கிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு அதைப் படித்தார். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் எழுதுவாள், அவர் படிப்பார்.

பிரஸ் மெஷினுக்கு இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கோடு இரண்டு கம்பம் உண்டு. தொழிலாளர்கள் அதைக் கண் என்பார்கள். அந்த இரண்டு கம்பத்துக்கும் நடுவில் கையோ வேறெதுவோ இருந்தால் கண் அதைப் பார்த்துவிடும்; மேலே உள்ள அச்சு இறங்காது. கண்ணை நிறுத்திவைக்க ஒரு சாவி இருந்தது. ரிப்பேர்காரர் வந்தால் மட்டும் திருப்புவது. அது மெஷினின் பின்பக்கப் பலகையில் இருந்ததால், முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அட்டையோடு சுற்றிவருகிற ஸ்டெஃபனிக்குத்தான் தெரியும். ஓட்டுகிறவர் சாவியைத் தொடக்கூடாது என்ற விதியை அவள்தான் எழுதினாள். எல்லாரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

அக்டோபரில் ரேமண்ட் அவளைக் கூப்பிட்டு, ரவாங்கில் இரண்டாவது பேக்டரி திறக்கப்போவதாகவும் இரண்டு இடத்துக்கும் அவள்தான் பொறுப்பு என்றும் சொன்னார். மேல்மாடியில் மேசை. அவள் பெயர் போட்ட விசிட்டிங் கார்டு. மாதிரிக்கு அடித்த ஒன்றை அப்போதே கையில் கொடுத்தார். அதைப் பாக்கியம் மாதாவின் படத்துக்குக் கீழே செருகிவைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆயுதபூஜை. மெஷின்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலிருந்து ஆளுயர சாமந்தி மாலை வந்திருந்தது. பூஜை முடிந்ததும் முதலாளி தன் கையால் மூன்றாம் நம்பரை ஓட்டி, முதல் கீலை எடுத்துச் சாமி முன்னால் வைப்பது ஒவ்வொரு வருடமும் நடக்கிற காரியம். கண் பொருத்தியது அந்த வருடம்தான். முதலாளி பொத்தானை அழுத்தினார். மெஷின் அசையவில்லை. மாலை இரண்டு கம்பத்துக்கும் நடுவில் தொங்கிக் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

மாலையைச் சற்று மேலே கட்டலாமா என்று ரேமண்ட் கேட்டார். போட்ட மாலையைக் கழற்றக்கூடாது, நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றார் முகுந்தன். பின்பக்கம் போய் அவரே சாவியைத் திருப்பினார். மெஷின் இறங்கி ஏறியது. முதல் கீல் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கையில் பிடித்திருந்த பூஜைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஸ்டெஃபனியும் தட்டினாள். பொங்கலும் சுண்டலும் கொடுத்து அத்தோடு அன்றைக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை வந்து பார்த்தாள். மாலை இருந்தது, சாவியும் திரும்பினபடியே இருந்தது. இரண்டடி தள்ளி ரேமண்ட் நின்றுகொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். சொன்னால், சர்ச்சுக்குப் போகிறவள் பூஜைக்குக் குறை சொல்கிறாள் என்று நினைப்பார்களோ என்று பயம். தினமும் நிரப்புகிற தாளில், கண் வேலை செய்கிறது என்ற கட்டத்தில் மட்டும் அவள் சரிக்குறி போடவில்லை. காலியாக விட்டாள். பார்த்துவிட்டு யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று இருந்தாள். ரேமண்ட் பார்க்காமலே கீழே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மாலைகளை எடுத்துவிட்டார்கள். சாவியை யாரும் தொடவில்லை. ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினாள். ரேமண்ட் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கதவருகே நின்றவள் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை கன்னையா அவளை நிறுத்தி மெஷினைத் தட்டிக்காட்டினார். முன்பெல்லாம் தேவையில்லாமல் நின்று நின்று போகுமாம். இரண்டு நாளாக ஒரு நிறுத்தமில்லை.

"சாமி கும்பிட்டதுல குணமாயிடுச்சு, பாத்தியா தங்கச்சி. உங்க மாதாகிட்டயும் சொல்லி நாலாம் நம்பரச் சரி பண்ணு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு அதை எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நகர்ந்தாள்.

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கன்னையாவின் வலதுகையில் இரண்டு விரல் போயிற்று. ஆள்காட்டி விரலும் நடுவிரலும், இரண்டாம் கணுவரை. தகடு கோணலாக உட்கார்ந்ததை நேராக்கக் கையை நீட்டியிருக்கிறார். கண் பார்த்து நிறுத்தும் என்ற நம்பிக்கைதான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்ப் பார்த்தாள். கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்திருந்தார். அங்கேயும் நர்ஸுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். ஸ்டெஃபனியைப் பார்த்ததும் மட்டும் குரலைத் தாழ்த்தினார். ரேமண்ட் வந்து போயிருக்கிறார். சாவியைக் கன்னையாதான் திருப்பினார், வேகமாக ஓட்டுவதற்காகத் திருப்பினார் என்று ரிப்போர்ட் போகிறது என்று சொன்னாராம். விசாரணை வைத்து வேலையை விட்டு நீக்கப்போகிறார்கள்.

"மாலைய எடுத்தப்பவே சாவியையும் திருப்பிட்டாங்கன்னுதான் நான் நெனச்சேன். அன்னிக்கு பாஸ் திருப்புனத நீ பாத்தே இல்ல? பக்கத்துலதானே நின்னே. அத மட்டும் சொல்லு தங்கச்சி. வேற யாரும் சொல்லமாட்டானுங்க. இந்தக் கையோட இனிமே எவன் எனக்கு வேல குடுப்பான்?"

சொல்கிறேன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

விசாரணைக்கு முதல் நாள் ரேமண்டும் அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி மைலோ வரவழைத்தார். ரவாங் வேலையைப் பற்றி நெடுநேரம் பேசினார். எஸ்பிஎம் பரீட்சைகூட எழுதாத பெண்ணுக்கு வேறு எந்த கம்பெனி இப்படி ஒரு இடம் கொடுக்கும் என்று யோசிக்கச் சொன்னார். பிறகு, "உன்ன நான் பொய் சொல்லச் சொல்லல. யார் திருப்புனதுன்னு பாக்கலன்னு சொன்னா போதும். அது பொய்யா? நீ பாட்டுக்குத் தட்டு பிடிச்சிக்கிட்டு நின்னே" என்றார்.

அன்றைக்கு வீட்டில் தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்து, கடைசி நோட்டை எடுத்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் படித்தாள். அடுத்த பக்கங்களையும் படித்தாள். அவற்றைக் கிழித்துவிடலாம் என்று விரல் ஓரம்வரை போனது. எழுதினதை ஒருநாளும் கிழித்ததில்லை. வெள்ளிக்கிழமையை மட்டும் காட்டினால் போதும், கன்னையா அண்ணன் கேட்டதும் அது மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு நோட்டைக் கைப்பையில் வைத்தாள். ரவாங் வேலை போகும். போகட்டும். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் புரியவில்லை.

விசாரணையை நடத்த பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கனகேஸ்வரி என்ற வயதான வக்கீல் அம்மாளை வரவழைத்திருந்தார்கள். கம்பெனி காசில் வந்தவர் கம்பெனிக்குத்தான் பேசுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த அம்மாள் அப்படி இல்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார், எழுதிக்கொண்டார். மீட்டிங் அறையில் ஒரு பக்கம் முகுந்தனும் ரேமண்டும். எதிர்ப்பக்கம் கன்னையா, இஸ்திரி போட்ட சட்டையில், கட்டுப்போட்ட கையை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டு.

சாவியைத் திருப்பியது யார் என்று கேள்வி ஸ்டெஃபனியிடம் வந்தது. கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தை விரித்து, தலை நிமிராமல் படித்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது, ஆனால் வந்தது.

"மாலை கண்ணை மறைத்தது. பாஸ் தன் கையால் சாவியைத் திருப்பினார். மெஷின் ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள். சாவி அப்படியே இருக்கிறது."

கன்னையா மூச்சை விட்டது அறை முழுக்கக் கேட்டது. ரேமண்ட் எழுந்து, இன்றைக்கு எழுதி எடுத்து வந்திருக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஆட்சேபம் சொன்னார். கனகேஸ்வரி நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எழுதினவளைத் தவிர வேறொருவர் படித்துக்காட்ட வேண்டும், முன்பின் பக்கங்களையும் சேர்த்துப் படித்தால்தான் எப்போது எழுதியது என்று தெரியும் என்றார். ரேமண்டுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. முகுந்தன் மலாய்ப் பள்ளியில் படித்தவர். அறையில் மிச்சமிருந்தவர் ஒருவர்தான்.

"நான் படிக்கிறேங்க" என்றார் கன்னையா.

ஸ்டெஃபனி கையை நீட்டினாள். நோட்டு அதற்குள் மேசையைத் தாண்டிப் போய்விட்டது. அவர் இடதுகையால் அதைப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, காலையில் பலகை படிக்கிற அதே குரலில் வெள்ளிக்கிழமையைப் படித்தார். படித்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். கட்டைவிரலால் பக்கத்தைத் தள்ளினார்.

"சனி. சாவி திரும்பியே இருக்கிறது. மாலை இருக்கிறது. நான் சொல்லவில்லை."

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று நினைத்த மாதிரி அந்த வரியை மறுபடியும் பார்த்தார்.

"திங்கள். மாலையை எடுத்துவிட்டார்கள். சாவி அப்படியே இருக்கிறது. கன்னையா அண்ணன் கை உள்ளே போய் வருவதைப் பார்த்தேன். பயமாக இருந்தது. ரேமண்ட் சார் போனில் இருந்தார். சொல்லவில்லை."

இப்போது ரேடியோக் குரல் போய்விட்டது. எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

"செவ்வாய். சாவி அப்படியே. அண்ணன் என்னைச் சிரிக்க வைத்தார். நாளைக்குச் சொல்கிறேன்."

அதற்கடுத்த பக்கத்தை அவர் திருப்பவில்லை. நோட்டை மூடி மேசையில் வைத்தார். கனகேஸ்வரி அதையும் எழுதிக்கொண்டார்.

முதலில் பேசியது முகுந்தன்தான். கோபமே இல்லை அவருக்கு. தலைமேல் இருந்த பாரத்தை யாரோ இறக்கிவைத்த மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஆமா, நான்தான் திருப்புனேன். பூஜைக்கு. நான் மறந்துட்டேன், ஒத்துக்கிறேன். மறந்தா ஞாபகப்படுத்துறதுக்குத்தானே மூணு நாள் கோர்ஸுக்கு அனுப்புனேன்? நாலு நாள் பாத்துக்கிட்டே இருந்திருக்கியேம்மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவன் வெரலு இருந்திருக்கும்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஸ்டெஃபனிக்கு அதுதான் தாங்கவில்லை. காலியாக விட்ட கட்டத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்வதற்கே வெட்கமாக இருந்தது.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. கன்னையா மேல் குற்றமில்லை. அவர் வேலையில் இருக்கலாம், கையைப் பார்த்து ஸ்டோரில் வேறு வேலை கொடுக்க வேண்டும். ஆபத்து தெரிந்தும் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஸ்டெஃபனி தெரிவிக்கவில்லை. முதலாளி திருப்பியதும் பதிவாகியது, அறிக்கையின் கடைசியில் ஒரு வரியாக. ரேமண்ட் அவளிடமிருந்து ஃபைலையும் பெயரட்டையையும் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங் மேசைக்கே போகச் சொன்னார். சின்னப்பெண், பாவம், வேலையை விட்டு எடுக்க வேண்டாம் என்று பாஸ் சொன்னார் என்றும் சேர்த்துச் சொன்னார். நோட்டை கனகேஸ்வரி அம்மாள் சாட்சியம் என்று வைத்துக்கொண்டார்.

ஸ்டெஃபனி படி இறங்கி ஓடிவந்தபோது கன்னையா மோட்டார்சைக்கிள் கொட்டகையில் நின்றிருந்தார். அவரால் இப்போது ஓட்ட முடியாது. மச்சான் கூட்டிப்போக வந்திருந்தான். ஹெல்மெட்டின் வாரை இடதுகையால் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். வார் நழுவி நழுவிப் போனது.

"அண்ணே" என்றாள். வாரைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி முகவாயைத் தூக்கிக் காட்டினார். அவன் வாரை மாட்டிவிட்டான். பின்னால் ஏறி உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். மோட்டார்சைக்கிள் கேட்டைத் தாண்டி, இரண்டு லோரிகளுக்கு நடுவில் நுழைந்து, காப்பார் சாலையில் போயிற்று.